அறுபத்துமூன்று எழுத்து

நீலத் தறப்பாள் கூரையின் ஊடாக இறங்கும் மத்தியான வெளிச்சத்தில் எல்லோர் முகமும் நீலமாக இருக்கிறது. சுனாமிக்குப் பிறகு பாலைமுனை, சிப்பித்துறை என்ற இரண்டு கரையூர்களின் மீனவர் சங்கங்கள் ஒன்றாகிவிட்டன. வெளிநாட்டிலிருந்து படகு தர நினைப்பவர்கள் பார்க்க ஓர் இணையத்தளம் வேண்டுமாம். வெளியே ஜெனறேற்றர் திக்கித் திக்கி ஓடுகிறது. கொம்பியூட்டருக்கு முன்னால் நிறஞ்சனா இரண்டு ஊர், இரண்டு புனிதர், சங்கம் என்று முழுப்பெயரையும் தளத்தின் முகவரிக் கட்டத்தில் ஆங்கில எழுத்தில் அடிக்கிறாள். பெயர் பாதியிலேயே நின்றுவிடுகிறது.

“அறுபத்துமூண்டு எழுத்துக்கு மேல பேர் போகாதாம், அன்ரி.”

“ஆர் போட்ட சட்டம்?” என்கிறார் பாலைமுனைத் தலைவர் யாக்கோப்பு, பெருவிரலில் காய்ந்திருக்கும் மீன் செதிலைச் சுரண்டியபடி.

“உலகம் முழுக்க இதுதானாம், மாமா.”

சிப்பித்துறைச் செயலாளர் புனிதம் அன்ரி கதிரையில் சாய்ந்து கண்களை மூடிக்கொள்கிறார். “புனிதர்மாரை எடு, பிள்ளை. அவை கோவிக்கமாட்டினம்.”

செபஸ்தியார் ஒவ்வோர் எழுத்தாக அழிகிறார். பிறகு அந்தோனியார். இரண்டு முறையும் புனிதம் சிலுவை போட்டுக்கொள்கிறார். அப்படியும் நீளம் அடங்கவில்லை. சங்கம் என்று பதிவான நீண்ட பகுதியில் கைவைக்க முடியாது. இனி ஓர் ஊர்தான் போகவேண்டும். நிறஞ்சனாவின் விரல் விசைக்கு மேலே நிற்கிறது. சிப்பித்துறையில் இப்போது இருப்பது கோயில் படிக்கட்டும் மணலும்தான். மிஞ்சிய சனம் முகாமில்.

“எங்கட ஊரை எடு, பிள்ளை,” என்கிறார் புனிதம், கண் திறக்காமலே. “அங்க ஆர் இருக்கினம்?”

யாக்கோப்பு செதிலைத் தட்டிவிடுகிறார்.

“வேண்டாம். பாலைமுனையை எடு. அது இன்னும் அங்க இருக்குதுதானே.”