கடைசி நாள் படம்

“பசுமை வளாகப் புகைப்படப் போட்டிக்கு இன்னிக்கு அஞ்சு மணியோட கெடு முடியுது. படம் குடுத்தியா?” என்று கேட்டாள் மெரெசேனி.

“இல்ல,” என்றான் இசிகேலி.

சுவா பல்கலைக்கழக வளாகத்திலேயே நல்ல கேமரா அவனுடையதுதான். இது அவனுக்குப் படிப்பில் கடைசி வருடம் வேறு.

“வருஷம் பூரா இதே பேச்சா இருந்தியேடா. இப்ப என்ன சோம்பேறித்தனம்?”

“கேமராவை எடுக்க முடியல. வந்து பாரு.”

விடுதி வராந்தா ஆணியில் அவனுடைய கேமரா பை வாய் திறந்து தொங்கியது. உள்ளே, கேமராவின் மேல் கூடு கட்டி ஒரு குருவி அடைகாத்துக்கொண்டிருந்தது.

“மூணு முட்டை,” என்றான் மெதுவாக.

மெரெசேனி சிரிப்பை அடக்கிக்கொண்டு தன் போனை நீட்டினாள். “தள்ளி நின்னு எடு. இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு.”

முதல் பரிசு அந்தப் படத்துக்கே கிடைத்தது. அதை அவன் வாங்கப் போன அன்றும் கேமரா குஞ்சுகளுக்கு அடியில்தான் கிடந்தது.