ஒல்லி டயர்

"அகலமா போடுங்கக்கா. வண்டி பார்க்கவே கெத்தா இருக்கும்" என்றார் டயர் கடைக்காரர்.

எனக்குக் கெத்து வேண்டாம்.

"உயரமா, ஒல்லியா இருக்கணும்" என்றேன். மாப்பிள்ளைக்கு அங்க அடையாளம் சொல்வதுபோல் இருந்ததோ என்னவோ, அவர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

வண்டி யாருடையது என்று கேட்டார். மாமனாருடைய பிக்கப் என்றேன். லாரி ஓட்டியே மூன்று பிள்ளைகளைக் கரையேற்றியவர். லாரியை விட்ட பிறகும் சும்மா இருக்க முடியாமல் இந்தப் பழைய பிக்கப்பை வாங்கினார். காய்கறி வாங்கக்கூட அதில்தான் போவார்.

"பெரியவர் ஓட்டுற வண்டி. ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆயிடக் கூடாது."

அது பொய்யில்லை.

சேற்றில் அகல டயர் மிதக்கும், ஒல்லி டயர்தான் கீழே இறங்கிக் கெட்டித் தரையைப் பிடிக்கும் என்றார் கடைக்காரர். இதையெல்லாம் மாமா வாயால் நூறு முறை கேட்டாயிற்று. "அகலம் அழகுக்கு, ஒல்லி ஓட்டத்துக்கு" என்பார். சாப்பிட உட்கார்ந்தால் லாரிக் கதைதான். சேற்றில் புதைந்த லாரி, பிரேக் போன லாரி, பாலத்தடியில் சிக்கிய லாரி. நான் காதில் வாங்காமல் தலையை மட்டும் ஆட்டுவேன்.

கைப்பையிலிருந்து ஒரு நூல் துண்டை எடுத்து மேசைமேல் நீட்டினேன். இரண்டு விரற்கடை நீளம்.

"வண்டி இதைவிடக் கொஞ்சம் கூடவே உயரணும்."

"உங்க ரோட்டுல கல்லு அவ்வளவு தூக்கலா நிக்குதா?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

டயர் எவ்வளவு உயர்கிறதோ அதில் பாதிதான் வண்டி உயரும் என்று விளக்கி, ஓர் அளவைச் சொன்னார். உரசாதா என்று கேட்டேன். அகலத்தைக் கூட்டினால்தான் மட்கார்டில் உரசும், இது உரசாது என்றார். நிச்சயமாக அவ்வளவு உயருமா என்று கேட்டேன். உயரும் என்றார். மறுபடியும் கேட்டபோது என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

வண்டியைக் கடைக்குக் கொண்டுவர முடியாது, வீட்டுக்கே வந்து மாட்ட வேண்டும் என்றேன்.

மறுநாள் காலையில் என் கணவர் மாமாவை முடிவெட்டக் கூட்டிப்போனார். அந்த நேரம் பார்த்துக் கடைக்காரர் வந்தார். ஷெட்டுக்குள்ளேயே ஜாக்கி வைத்து நான்கு டயரையும் மாற்றினார். கையைத் துடைத்துக்கொண்டே ஷெட் வாசலுக்கு வந்தவர் அண்ணாந்து பார்த்தார். வாசலுக்கு மேலே குறுக்காகப் போகும் இரும்பு விட்டத்தைப் பார்த்தார். வண்டியின் கூரையைப் பார்த்தார்.

"அக்கா, வண்டி இனிமே வெளியே வராதே!"

"தெரியும்" என்றேன்.

கூரைக்கும் விட்டத்துக்கும் நடுவே இருந்த இடைவெளிதான் அந்த நூல்.

போன மாதம் காய்கறி வாங்கப் போன மாமா, வழி தெரியாமல் சுற்றிவிட்டுப் பொழுது சாய்ந்துதான் வந்தார். பம்பரில் நீலப் பெயிண்ட் ஒட்டியிருந்தது, ஏதோ சைக்கிளுடையது. எந்தச் சைக்கிள் மாமா என்று கேட்டேன். "என்ன சைக்கிள்?" என்றார். தெருத் தெருவாகப் போய் விசாரித்தேன். அடிபட்டதாக யாரும் சொல்லவில்லை. ஆனாலும் நீல சைக்கிளில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளைப் பார்த்தால், கை காலில் கட்டு இருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்கிறேன்.

சாவியை ஒளித்தேன். ஒயரைச் சேர்த்து ஸ்டார்ட் செய்தார். பாட்டரியைக் கழற்றினேன். பக்கத்து வீட்டில் இரவல் வாங்கி மாட்டிவிட்டார். விற்றுவிடலாம் என்று பேச்செடுத்த அன்று மனிதர் சாப்பாட்டில் கை வைக்கவில்லை. இனி ஓட்டாதீர்கள் என்று நேராகச் சொல்ல வேண்டியதுதான். ஆனால் பூனைக்கு யார் மணி கட்டுவது? என் கணவருக்கு மனசு வரவில்லை. மருமகள் நான் சொன்னால் அதற்கு வேறு அர்த்தம் வரும்.

விட்டமே சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன்.

கடைக்காரர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். நான்கு டயரிலும் இன்னும் கொஞ்சம் காற்று ஏற்றிவிட்டுப் போனார்.

முடிவெட்டித் திரும்பிய மாமா, டயர்களைத் தடவித் தடவிப் பார்த்தார். "யாரும்மா வாங்கினது? சரியான டயரு!" என்றார். அவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷம். எனக்குத்தான் பாவமாக இருந்தது. பிறகு விட்டத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளே வந்து சாப்பிட்டார்.

அன்று மதியம், எத்தனையோ நாள் கழித்து, நிம்மதியாகக் கண்ணயர்ந்தேன்.

புஸ்ஸென்ற சத்தத்தில் விழிப்பு வந்தது. குக்கர் என்று நினைத்துச் சமையலறைக்கு ஓடினேன். அடுப்பு அணைந்திருந்தது. சத்தம் ஷெட்டிலிருந்து வந்தது.

மாமா பின்சக்கரத்துப் பக்கத்தில் குந்தியிருந்தார். வால்வுக்குள் தீக்குச்சியை வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். முன்சக்கரங்கள் இரண்டும் ஏற்கெனவே சப்பையாகக் கிடந்தன. உயரமான டயர். இறங்குவதற்கும் நிறைய இருந்தது.

பாலத்தடியில் சிக்கிய லாரி. காற்றை இறக்கிவிட்டுத்தான் வெளியே எடுத்தாராம். எத்தனை முறை சொல்லியிருப்பார்!

கடைசிச் சக்கரத்தையும் முடித்துவிட்டு, முட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்து, வண்டியில் ஏறி உட்கார்ந்தார். எஞ்சின் உறுமியது. கூரைக்கும் விட்டத்துக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது.

ஜன்னலில் தலையை நீட்டி என்னைப் பார்த்தார். ரோட்டில் குறுக்கே வந்த யாரிடமோ பேசுவதுபோல் தன்மையாகத்தான் சொன்னார்.

"யாரு வீட்டுப் பொண்ணும்மா நீங்க? கொஞ்சம் தள்ளி நில்லுங்க, வண்டி வெளியே வருது."

நான் வாசலின் நடுவே, விட்டத்துக்கு நேர் கீழே வந்து நின்றேன்.