ஒற்றை மஞ்சள்

வெள்ளை பல்புக்குப் பிறகு மனிதகுலம் கண்டுபிடிக்க இனி ஒன்றுமில்லை என்று ஜீப் ஓட்டும் டேவிட்சன் ஸ்பேர்ஸ் கடையில் நின்று அறிவித்தான். மலையில் பனி இறங்கத் தொடங்கியிருந்தது. அவன் ஜீப்பின் ஃபாக் லைட் இரண்டும் பியூஸ் போயிருந்தன. பக்கத்தில் நின்ற டிரைவர் போஜன் வெள்ளையில் ஒன்று, மஞ்சளில் ஒன்று வாங்கினார்.

“என்னண்ணே, வண்டிக்கு ஒத்தைக் கண்ணுல மட்டும் மஞ்சக்காமாலையா?”

“பனியில எல்லா வண்டியும் ஒண்ணுதான் தம்பி. உங்க அண்ணி வெளிய வந்து பாத்துக்கிட்டே நிப்பா. ஒத்தை மஞ்சள் தெரிஞ்சாத்தான் உள்ள போவா.”

“லைட்டு ரோட்டுக்கா, அண்ணிக்கா?”

கடைக்கார பாய்கூடச் சிரித்துவிட்டார். டேவிட்சன் இரண்டும் வெள்ளையாகவே மாட்டிக்கொண்டு மலையேறினான்.

வீட்டு வளைவில் பனி வழியை அடைத்துக்கொண்டு நின்றது. புதிதாய்க் கல்யாணமாகி வந்த அவன் மனைவி ஜெசிந்தா சால்வையைப் போர்த்திக்கொண்டு சாலையோரம் நின்றிருந்தாள். முன்னால் போன பால்வண்டிக்கு முகமெல்லாம் சிரிப்பாகக் கையசைத்தாள். அது நிற்காமல் போனதும் கையைச் சால்வைக்குள் இழுத்துக்கொண்டாள். அடுத்து வந்த வெள்ளை வெளிச்சத்துக்கு அந்தக் கை வெளியே வரவே இல்லை. யாரோ என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வந்தது டேவிட்சன்.

மறுநாள் காலை, போஜன் அங்கே இல்லை என்று உறுதிசெய்துகொண்டு கடைக்குள் வந்தான்.

“மஞ்சள் ஒண்ணு குடுங்க பாய்.”

பாய் எடுத்துக் கொடுத்தார். டேவிட்சன் போகாமல் நின்றான்.

“போஜண்ணன் எந்தப் பக்கம் மாட்டியிருக்காரு?”

“இடது.”

“அப்ப எனக்கு வலது.”