பின்னால் நிற்கும் மச்சான்

சன்னல் வெயில் விழும் நுரை மெத்தைமேல் பெயின்டர் ஒற்றைக்காலில் நிற்கிறார். பிசகி ஆறிய கணுக்கால் வெடவெடவென்று நடுங்குகிறது. "இப்போ கண்ணை மூடுங்க. உங்க மச்சான் பின்னாடிதான் நிக்கிறாரு, விழ விடமாட்டாரு" என்கிறார் பிசியோதெரபி டாக்டரம்மா. பெயின்டருக்கு மனம் வரவில்லை. போன மாதம் அவர் விழுந்தபோது ஏணியைப் பிடித்திருந்தவனும் இதே மச்சான்தான். கை வழுக்கிவிட்டது என்று அன்றைக்குச் சத்தியம் செய்தவன், இப்போது சுவர்க் கண்ணாடிக்குள் சிரிக்கிறான். "என்ன அத்தான், என்மேல நம்பிக்கை இல்லையா?" பெயின்டர் கண்ணை மூடுகிறார். பாதம் புரள்கிறது. உடம்பு சாய்வதற்குள் இரண்டு கைகள் இடுப்பை இறுக்கிப் பிடித்துவிடுகின்றன. "பார்த்தீங்களா!" என்கிறான் மச்சான். பெயின்டர் மெல்லக் கண்ணைத் திறக்கிறார். இத்தனை வேகமாகப் பிடிக்கத் தெரிந்த கைகளா அன்றைக்கு வழுக்கின?