நீக்கப்பட்ட புரதம்

எலியின் ஈரலில் ஒரு புரதம் எந்தெந்தப் புரதங்களோடு ஒட்டி வேலை செய்கிறது என்று மூலக்கூறுகளை எடைபோட்டு அடையாளம் காட்டும் நிறைமானிக் கருவியில் கண்டறிவதுதான் அந்த ஆய்வகத்தின் வேலை. ஆறு வருடம் அதைச் செய்தவளை அங்கிருந்த இளையவர்கள் எல்லோரும் அக்கா என்றே கூப்பிடுவார்கள். கையாளுகிறவரின் தோல் துகள் மாதிரியில் விழுந்தால் கருவி அதையும் காட்டிவிடும். அக்காவின் தோல் புரதத்தில் பிறவியிலேயே ஓர் அமினோ அமிலம் மாறியிருந்தது. அதைப் பார்த்ததுமே அவளுடையது என்று எல்லோருக்கும் தெரியும். "எலி பாதி, நான் பாதி" என்று அவளே சிரிப்பாள்.

அக்கா இறந்து எட்டு மாதம் ஆகிறது. ஆய்வுக் கட்டுரையிலிருந்து பேராசிரியர் அவள் பெயரை எடுத்துவிட்டார். "செத்தவங்களுக்கு எதுக்குப்பா பேரு?" என்றார்.

திங்கட்கிழமை, அவளோடு வேலை பார்த்தவன் புதிய எலிகளின் மாதிரிகளைக் கருவியில் ஓட்டினான். எல்லாவற்றிலும் அந்த மாறிய புரதம் இருந்தது.

"பழைய அழுக்கு கருவியில ஒட்டியிருக்கும். மாதிரி இல்லாம வெறும் தண்ணிய ஓட்டிப் பாரு" என்றார் பேராசிரியர்.

ஓட்டினான். எலியின் புரதம் ஒன்றுகூட இல்லை. அக்காவுடையது மட்டும் இருந்தது, முன்னைவிட அதிகமாக.

பேராசிரியர் திரையில் அதைத் தொட்டுக் காட்டினார். "அழுக்குன்னு போட்டு நீக்கிடு. கட்டுரை இன்னிக்குப் போகணும்."

"சார், அது அக்கா."

"பேர எடுத்தப்ப நீ வாயத் திறக்கலையே. இப்ப மட்டும் என்ன?"

அவன் அதை நீக்கினான். கட்டுரை போனது. அக்காவின் பெயர் இருந்த இடத்தில் அவன் பெயர் இருந்தது.

மறுநாள் காலை புதிய கையுறைப் பெட்டியைப் பிரித்து, முதல் ஜோடியை மாட்டினான். அப்போதுதான் யாரோ கழற்றி வைத்ததுபோல உள்ளே இளஞ்சூடாக, லேசாக வியர்த்திருந்தது.