நாக்கு முட்டக் கூடாது

"பாருங்கோ ரஜீவன், பிள்ளை திரும்பவும் மீனைத்தான் அமத்துறா."

நிரோஜினி ரீச்சர் கணினித் திரையைக் கீர்த்தனியின் தகப்பன் பக்கம் திருப்பினார். திரையில் ஒரு வாழைமரம், ஒரு வாளைமீன். ஹெட்போனில் சந்தை இரைச்சலுக்கு நடுவே ஒரு சொல் வரும். அதற்குரிய படத்தை அழுத்த வேண்டும்.

கீர்த்தனிக்குக் காது நன்றாகக் கேட்கும். கேட்டதைப் பிரித்தறிவதில்தான் சிக்கல். அதற்குத்தான் இந்தப் பயிற்சி. கடைசிப் படியையும் தாண்டினால் கூட்டாளிப் பிள்ளைகளோடு மூன்றாம் வகுப்பு. தாண்டாவிட்டால் விசேட வகுப்பு.

"மலை, மாலை, பல்லு, பாலு எல்லாம் சரி. ழகரம் வந்தாத்தான் போச்சு. 'கிழி' எண்டாக் கிளியை அமத்துறா."

"எங்கட சல்லி ஊரில விடிஞ்சாப் பொழுதுபட்டா மீன் கதைதானே ரீச்சர்."

"அதைத்தான் சொல்லுறன். வாழைக்கும் வாளை, வாளைக்கும் வாளை. வீட்டில இப்பிடிக் கதைச்சா கொம்பியூட்டர் என்ன செய்யும்?"

ரஜீவன் தலை குனிந்தான். "ஓம் ரீச்சர்."

"விசேட வகுப்புக்கு எழுதித் தாறன். குறை நினைக்காதேங்கோ."

பேனாவைத் திறந்தார்.

"நான் சரியாத்தான் அமத்தினனான்," என்றாள் கீர்த்தனி. கண் கலங்கியிருந்தது.

"வாய்காட்டக் கூடாது, பிள்ளை."

ரஜீவன் மெல்ல ஹெட்போனை எடுத்து நீட்டினான்.

"கோவிக்காதேங்கோ ரீச்சர். ஒருக்கா நீங்களும் கேட்டுப் பாருங்கோவன்."

"நான் கேக்கிறதோ? இதில தமிழ்ச் சொல்லு முழுக்க என்ர குரல்தான். ஒரே நாளில எல்லாம் பதிஞ்சனான்."

"தெரியும் ரீச்சர். ஒருக்கா மட்டும்."

சலிப்போடு மாட்டி, 'வாழை' வரும் இடத்தை எடுத்தார். அமத்தினார். முகம் மாறியது. திரும்பவும் அமத்தினார். 'கிழி'யையும் போட்டுக் கேட்டார்.

துறைமுகத்தில் ஒரு கப்பல் ஊதி ஓய்ந்தது.

ஹெட்போனைக் கழற்றியவர், பேனாவை மூடி வைத்துவிட்டுக் கீர்த்தனியின் பக்கம் கதிரையை இழுத்தார்.

"சொல்லுங்கோ பிள்ளை, என்ன பிழை?"

கீர்த்தனி தகப்பனைப் பார்த்தாள். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னாள்:

"ழ சொல்லேக்க நாக்கு மேல முட்டக் கூடாதெண்டு நீங்கள்தானே சொல்லித் தந்தனீங்கள். இதில உங்கட நாக்கு முட்டுது, ரீச்சர்."