மூன்று நாள் விருந்தாளி

"வெனிங் நாளன்னிக்கு வந்து எறங்கிடுவா. நெறமாசக்காரிய எங்கே படுக்க வைக்கிறது, என் தலை மேலயா?"

வார்தினி குரலைத் தாழ்த்தித்தான் கேட்டாள். ஜாவாத் தீவின் ஜோக்ஜா நகரத்தில் கோபம் வந்தாலும் அப்படித்தான். பக்கத்து அறையில் இருப்பவன் காதில் விழுந்து தொலைத்தால் வம்பு.

அவன் பெயர் யோரிஸ். பெல்ஜியத்திலிருந்து முதுகில் ஒரு பையோடு ஊர் சுற்ற வந்தவன். மூன்றே நாள் என்று சொல்லித்தான் வாடகைக்கு அறை கேட்டான். இது ஐந்தாவது மாதம். வீட்டில் காற்று வருகிற அறை அது ஒன்றுதான். மகள் வெனிங்கின் தலைப்பிரசவத்துக்கு அதை விட்டால் வேறு இடமில்லை.

"நீயே அவன்கிட்ட சொல்றதுதானே?" என்றார் கணவர் சுகிர்மன்.

"சொல்லாமயா இருந்தேன்? 'உங்கம்மா தேட மாட்டாங்களா தம்பி'ன்னு கேட்டேன். 'தேடுவாங்கம்மா'ன்னு சொல்லிட்டு இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கிட்டான். சுரபாயா ரயில் எத்தனை மணிக்குன்னு கேட்டேன். அழகா எழுதிக் கொடுத்துட்டு, 'ஊருக்குப் போறீங்களா'ங்கறான். நேத்து தொட்டிலையே தூக்கிட்டுப் போய் அவன் கட்டில் பக்கத்துல வெச்சேன். தூசி தட்டித் தொடச்சு வெச்சிருக்கான்!"

வீட்டுக்கு வந்தவனைப் பார்த்து 'போய்விடு' என்று சொல்ல அந்த ஊர்க்காரர்களுக்கு உயிரே போனாலும் வாய் வராது. ஜாடையாகத்தான் சொல்வார்கள். கேட்பவன்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

"வெள்ளைக்காரனுக்கு ஜாடையெல்லாம் புரியாது. நான் நேராவே சொல்லிட்டு வரேன்." சுகிர்மன் கைலியை இறுக்கிக் கட்டிக்கொண்டு எழுந்தார்.

அரை மணி நேரம் கழித்துத் திரும்பியவர், நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"என்னங்க, சண்டைக்கு வந்தானா?"

"மூட்டை கட்டியேதான் வெச்சிருக்கான். வந்த நாலாம் நாள்லேருந்து! எத்தனையோ தடவை உன்கிட்ட சொல்லிக்கிட்டுக் கெளம்ப வந்தானாமே? நீ என்ன சொன்னே?"

"என்ன சொல்வாங்க? 'என்ன அவசரம், ரெண்டு நாள் இருந்துட்டுப் போ'ன்னேன். நாம சொல்றதும், அவங்க கேக்காம கெளம்பறதும்தானே மரியாதை?"

"அவன் படிச்ச புஸ்தகத்துல, ஜாவாக்காரங்க பேச்சைத் தட்டினா அவங்களுக்குப் பெரிய அவமானம்னு போட்டிருக்காம். மூணு தடவை டிக்கெட்ட மாத்திட்டான். 'என்னை எப்போ அனுப்புவீங்க'ன்னு கண் கலங்கறான். பாவமா இருக்கு."

வார்தினிக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. "அப்போ இன்னிக்கே கெளம்பிடுவான்னு சொல்லுங்க!"

சுகிர்மன் தலையைக் குனிந்துகொண்டார்.

"பையை மாட்டிக்கிட்டு வாசப்படி வரைக்கும் வந்துட்டான். என் வாய் சும்மா இருந்திருக்கலாம். 'பேரக்குழந்தை முகத்தப் பாக்காமயா போறது'ன்னு கேட்டுட்டேன். சரின்னு உள்ளே போய்ப் படுத்துட்டான்."